நான் சொன்ன ‘ரைட்’

தாமல் ஏரிக்கரை நிறுத்தம். சாயங்காலம் ஐந்து, ஐந்தரை இருக்கும். அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது. கரையைத் தாண்டி வந்த காற்றில் பாசி வாடை அடித்தது. பஸ் நின்றதும் முன்படியில் பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். நான் பின்படிக்குப் பக்கத்தில் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு பத்தாவது படித்தவர்களும் நானுமாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதில் ஒருவன் ஜோக் ஒன்று அனுப்பியிருந்தான். கொஞ்சம் நீளமான ஜோக். பாதி படித்திருப்பேன். முன்பக்கம் காலடிச் சத்தம் அடங்கியது போலிருந்தது. தலையைத் தூக்காமலே, “ரைட்” என்றேன்.

பஸ் நகர்ந்தது.

அடுத்து நான் கேட்டது அலறல் இல்லை. ஒரு டிபன் பாக்ஸ் தார் ரோட்டில் உருண்டு போகும் சத்தம். அதற்குப் பிறகுதான் ஆட்கள் கத்தினார்கள்.

அந்த ஜோக்கின் மிச்சத்தை இன்றுவரை நான் படிக்கவில்லை.

ஒரு வாசகர் கேட்டது

காஞ்சிபுரத்துக்கும் தாமலுக்கும் இடையே ஓடிய தனியார் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த நாட்களைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். வண்டியைக் கிளப்ப எல்லாக் கண்டக்டரும் ஏன் ‘ரைட்’ என்றே சொல்கிறார்கள், ‘போ’ என்று சொன்னால் வண்டி போகாதா என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. வேடிக்கையாக ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் சரசரவென்று வந்தது.

நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு இங்கிலீஷ் வந்தது காது வழியாக. அப்படி வந்து சேர்ந்த சொற்களில் இந்த ‘ரைட்’ மாதிரி உழைக்கிற சொல் வேறு இல்லை. ஆட்டோக்காரரிடம் ‘ரைட்ல ஒடிங்க’ என்றால் வலது பக்கம். சொன்னதற்குச் சம்மதம் என்றாலும் ‘ரைட்டு’. ஒருவன் போக்கு பிடிக்கவில்லை என்றால் ‘ஆளு ரைட்டா இல்லியே’. பஸ் ஸ்டாண்டில் சங்கத்துக்காரர் மைக் பிடித்து ‘இது நம்ம ரைட்டு’ என்று முழங்கினால் அது உரிமை. நானும் கையைத் தூக்கியிருக்கிறேன். சண்டை முற்றும்போது நடுவில் புகுகிறவர் ‘ரைட்டு விடுப்பா’ என்பார். அதற்கு, போகட்டும், மறந்துவிடு என்று பொருள்.

போலீஸ் ஸ்டேஷனில் மேசை போட்டு எழுதுகிறவர் ‘ரைட்டர்’. அது வேறு சொல் என்று முப்பது வயது வரை எனக்குத் தெரியாது. நடந்ததைச் சரியாக எழுதுகிறவர், அதனால் ரைட்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகக் கண்டக்டருடைய ‘ரைட்’டுக்கு வந்தேன். டிரைவருக்கு முதுகில் கண் கிடையாது. இறங்குகிறவர் இறங்கிவிட்டார், ஏறுகிறவர் ஏறிவிட்டார், நான் பார்த்துவிட்டேன், நீ எடுக்கலாம் என்பதைத்தான் அந்த ஒரே சொல்லில் சொல்கிறோம் என்று எழுதினேன்.

‘நான் பார்த்துவிட்டேன்’ என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

என் மனைவி செல்வியிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அன்றும் படித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் கீரைக் காம்புகளைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த டீச்சரைப் பத்தி எழுதலியா?” என்றாள்.

“அது எதுக்கு இதுல?”

“அது இல்லாம நீ எப்பிடி ரைட்டைப் பத்தி எழுதுவே?”

அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இது வேறு.

எத்தினி ரைட்டு?

நேரே தாமலுக்குப் போக மனம் வரவில்லை. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெய்தவர். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் நோட்டில் வாத்தியார் போடும் சிவப்புக் குறி தெரியும். அதை நாங்கள் ரைட்டு என்போம். பள்ளி விட்டு வந்தால் தறியில் கையை நிறுத்தாமலே, “எத்தினி ரைட்டு?” என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன்.

நான்காவது படிக்கும்போது ஒரு கணக்குப் பாடத்தில் எனக்கு ஒரு ரைட்டுகூட விழவில்லை. அண்ணனுடைய சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாக் கணக்குக்கும் நானே போட்டுக்கொண்டேன். வாத்தியார் போட்டிருந்த பெருக்கல் குறிகளை ரப்பரால் தேய்த்ததில் காகிதம் இரண்டு இடத்தில் பொத்துவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தறியை விட்டே எழுந்து வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தார். தெருமுனையில் போய்ப் பக்கோடா வாங்கி வந்தார். நான் சாப்பிட்டேன். சூடாக, நிறைய வெங்காயம் போட்டு, நன்றாகவே இருந்தது.

மறுநாள் வாத்தியார் நோட்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். வெகு நாள் அதை ஒரு பெரிய தப்பித்தலாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா டீச்சர்

அன்றைக்குக் கீழே விழுந்தவர் பெயர் ஸ்டெல்லா. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். தாமல் காலனியிலிருந்து தினமும் எங்கள் பஸ்ஸில்தான் போய் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவர்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள்.

முன்பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவார். உட்கார்ந்ததும் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார். வழியில் முசரவாக்கத்தில் அப்போது சாலை மோசம். வண்டி குலுங்கினால் சிவப்புக் கோடு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் போனால் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பஸ்’ என்று எழுதுவார். ஒருநாள் டிக்கெட் கொடுக்கும்போது பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

“தப்பு போட்டுட்டேன்னு புள்ளைங்க பயந்துடுங்கண்ணா. அதான்,” என்றார்.

அவர் அவசரமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இதை நான் சொல்லியிருக்க வேண்டிய இடங்கள் பல இருந்தன.

அன்று அவர் ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். இன்னொரு கால் படியில் இருந்தது. தோளில் நோட்டுப் பை, கையில் டிபன் பாக்ஸ். பஸ் நகர்ந்ததும் சுழன்று வலது பக்கமாக விழுந்தார். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஏகாம்பரம் அடித்த பிரேக்கில் பஸ்ஸுக்குள் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பின்சக்கரம் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

நான் ஓடினேன். நோட்டுகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஏரிக் காற்று அவற்றின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ரைட்டுகள். ஒரு பெண் அவற்றைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் மண்ணைத் துடைத்து அடுக்கினாள்.

ஏகாம்பரம் இறங்கி வந்தார். டீச்சரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஆட்டோவில்

டீச்சரை ஆட்டோவில் ஏற்றிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு அந்த நோட்டு பொறுக்கிய பெண்ணும் ஏறிக்கொண்டாள். நிறுத்தத்தில் நின்றவர்கள், “கண்டக்டர் நல்ல மனுசன்பா, கூடவே போறாரு பாரு,” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

டீச்சரின் வலது முன்கை பார்க்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. அவர் அழவில்லை. மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். முசரவாக்கம் தாண்டும்போது மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, நான் இறங்கறதுக்குள்ள ரைட்டுன்னு சொல்லிட்டீங்களே.”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. எப்படி இப்படி ஆயிற்று என்று கூட இருக்கிற ஒருவரிடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

“இல்ல டீச்சர்,” என்றேன். “வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே நீங்க அவசரப்பட்டு இறங்கிட்டீங்க. அதுக்கப்புறம்தான் நான் ரைட் சொன்னேன்.”

இந்த வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளிக்கு அப்போது விஷயமே தெரியாது. ஏகாம்பரம் வாயே திறக்கவில்லை. நானேதான் சொன்னேன், அதுவும் கை உடைந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்து.

ஆட்டோக்காரர் முன்னாலிருந்து, “ஆமாம்மா, எல்லாருக்கும் ஒரே அவசரம். ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்றாங்க,” என்றார். கூட வந்த பெண், “பார்த்து இறங்கியிருக்கலாம் டீச்சர்,” என்றாள். அவள் அப்போது பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவள். எதையும் பார்த்திருக்க முடியாது.

டீச்சர் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நான் சொன்னது நடந்ததாகவே ஆகிவிட்டது.

ரைட்டர் மேசை

மூன்றோ நான்கோ நாள் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்.

நான் போனபோது டீச்சரும் அவர் கணவர் அந்தோணியும் ஏற்கெனவே வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்தோணி ஏசி மெக்கானிக். வேலைக்கு நடுவில் வந்திருந்தார். சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. டீச்சரின் கையில் தோள் வரைக்கும் மாவுக்கட்டு.

ரைட்டர் என்னிடம் முதலில் எந்தத் தெரு என்று கேட்டார். பிள்ளையார்பாளையம் என்றேன். யார் வீடு என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். “அவர் புள்ளையா நீ? அவர்கிட்டதான் எங்க வீட்டுக் கல்யாணப் புடவை எடுத்தோம். உக்காருப்பா,” என்று நாற்காலியைக் காட்டினார்.

அங்கே காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். கை கட்டோடு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.

டீச்சர் தெளிவாகச் சொன்னார். வண்டி நின்றது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் இறங்கினார்கள், ஒரு காலை வைத்தேன், ‘ரைட்’ என்று கேட்டது, வண்டி எடுத்துவிட்டது. நோட்டுத் திருத்துகிறவர் அல்லவா, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிசகாமல் சொன்னார்.

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவில் சொன்னதையே சொன்னேன். இந்தத் தடவை சொல்வது சுலபமாக இருந்தது.

“பஸ்ஸுல வேற யாராவது பார்த்தாங்களாம்மா?” என்று ரைட்டர் கேட்டார்.

“எல்லாரும் இறங்கிப் போய்ட்டாங்க சார். ஆனா நான் சொல்றதை அப்பிடியே எழுதுங்க சார். அது என் ரைட்டு.”

ரைட்டர் சிரித்தார். “உன் ரைட்டா, கண்டக்டர் ரைட்டா? எதைம்மா நான் எழுதறது?”

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, உதடு மட்டும்தான். டீச்சர் அதைப் பார்த்தார். அந்தோணி பார்க்கவில்லை. அவர் மனைவியிடம் குனிந்து, “நெஜமாவே வண்டி நின்னுச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பயணியின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது டீச்சர் இடது கைப் பெருவிரலை மையில் வைத்து அழுத்தினார். பிள்ளைகளுக்கு அட்சரம் சொல்லிக்கொடுக்கிறவர். நான் பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடி

எனக்கு வேலை போகவில்லை. யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதற்காக முதலாளி நாலு பேர் முன்னால் பாராட்டிப் பேசினார்.

ஏகாம்பரம் மட்டும் மாறிவிட்டார். அதுவரை என் வாயிலிருந்து சொல் விழுந்த நொடியில் கிளட்சை விடுவார். அதற்குப் பிறகு நான் ‘ரைட்’ சொன்னதும் இடது பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்ப்பார். முன்படி, பின்படி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு நடையிலும் இதுதான். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொன்னதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவில் விழும் அந்தச் சின்ன இடைவெளியில் என் காது சுடும்.

டீச்சர் அதற்குப் பிறகு பஸ்ஸில் வரவில்லை. விரல்கள் சரியாக மடங்கவில்லை, போர்டில் எழுத முடியவில்லை, அந்த ஜூனில் பள்ளியில் வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று மத்தியானம் வழக்கம்போல சாப்பிட்டேன். ஆறிய சாம்பார் சாதம்.

இதையெல்லாம் செல்வியிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அவள் கேட்டுவிட்டு, “போய்ச் சொல்லிடு,” என்றாள். போகவில்லை. பிறகு கொரோனா வந்தது. பஸ் நின்றது, வேலையும் நின்றது. இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

‘ரைட்டு விடுங்க’

இப்போது நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் வாசலில் கார்களை ஒழுங்குபடுத்தி நிறுத்தும் வேலையில் இருக்கிறேன். வெளியூர்க் கார்களைப் பின்னால் எடுக்கச் சொல்லி, “வா வா, ரைட்ல ஒடி, ரைட், போதும்,” என்று பகல் முழுக்கக் கத்துவேன். அந்தச் சொல் என்னை விட்டபாடில்லை.

போன வருஷம் ஒரு நாள் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்தோணி. பின்னால் ஸ்டெல்லா டீச்சர். மூக்குக்கண்ணாடி தடித்திருந்தது, முன்னெற்றியில் நரை. திரும்பிக்கொள்ளலாமா என்று நான் நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

“கண்டக்டர் அண்ணா,” என்று கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “பொண்ணு காலேஜ்ல ஏதோ விழாவாம். அதுக்குப் புடவை பார்க்க வந்தோம்.” கணவர் பக்கம் திரும்பி, “தெரியுதா? இவர்தான் அன்னிக்கு என்னை ஆட்டோல கூட்டிக்கினு போனாரே,” என்றார்.

அந்தோணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நன்றிங்க. அவளுக்கு எப்பவும் ஒரே அவசரம். இன்னமும் நான் சொல்லிக்கினுதான் இருக்கறேன்.”

டீச்சர் தலையைக் குனிந்து சிரித்தார். ஒரு வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. அவர் கடை வாசலில் இறங்கியபோது நான் கவனித்திருந்தேன். ஸ்கூட்டர் முழுக்க நிற்கும் வரை காத்திருந்து, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, நின்று, பிறகுதான் மற்ற காலை எடுத்தார்.

அந்தோணி வண்டியைப் பூட்டப் போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, உங்களைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நான்தான் அவசரப்பட்டு இறங்கினேன். வலியில என்னா பேசறோம்னு தெரியாம ஸ்டேஷன்ல உங்க மேல பழியைப் போட்டுட்டேன். உங்களை அலைய வெச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிஷம். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள்ளிருந்து புதுப்பட்டு வாசனை ஏசிக் காற்றோடு வந்தது. டீச்சரின் வலது கை புடவையை ஒட்டித் தொங்கியது, கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியே இருந்தன.

“அட, ரைட்டு விடுங்க டீச்சர்,” என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுக் கடைக்குள் போனார்.

அவரைக் கீழே தள்ளியதும் நான்தான், இப்போது அவரை மன்னித்ததும் நான்தான். என் வாழ்க்கையில் செய்ததிலெல்லாம் எது கேவலம் என்று கேட்டால், பஸ்ஸில் தலையைத் தூக்காமல் சொன்ன அந்த ‘ரைட்’டைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

தாமலுக்கு

இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் போனேன். செல்வி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

டீச்சர் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் சின்னச் செருப்புகள் கிடந்தன. டியூஷன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்களை அனுப்பிவிட்டு, நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் உட்காரவில்லை.

“டீச்சர், அன்னிக்கு நீங்க அவசரப்படல. வண்டி நின்னு இருந்துது. நான் போன் பார்த்துக்கினு இருந்தேன். நீங்க இறங்கறதைப் பார்க்காம ரைட் சொல்லிட்டேன். ஆட்டோல சொன்னது பொய். ஸ்டேஷன்ல சொன்னதும் பொய். கடை வாசல்லயும் சொல்லாம விட்டுட்டேன்.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததால் ஒரே மூச்சில் வந்துவிட்டது. டீச்சர், பிள்ளைகள் விட்டுப்போன ஒரு பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மொதல்ல எனக்கு நல்லா ஞாபகம் இருந்துது,” என்றார். “ரைட்டுன்னு கேட்டுது, ஒரு கால் கீழ இருந்துது, எல்லாம். அப்புறம் எல்லாரும் இல்ல இல்லன்னாங்க. வீட்டுல சொன்னாங்க, ஸ்கூல்ல சொன்னாங்க. கொஞ்ச நாள் போனதும், எனக்கே அது கேக்கறது நின்னுபோச்சு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தினி வருசம் என்னை நானே திட்டிக்கினு இருந்தேன் தெரியுமா உங்களுக்கு?”

பிறகு உள்ளே பார்த்து, “என்னாங்க, இங்க வாங்க,” என்று கூப்பிட்டார். அந்தோணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் டீச்சர்.

சொன்னேன். அந்தோணிக்குப் புரியவில்லை. “இன்னா சொல்றாரு இவரு?” என்று மனைவியைக் கேட்டார். டீச்சர் என்னையே பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்தோணி எனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தினமும்…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

டீச்சர் செல்போனை எடுத்து யாருக்கோ போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். பழைய பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ். ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறாராம். “மேடம், ஒருத்தர் பேசணுமாம்,” என்று என் முன்னால் நீட்டினார்.

மூன்றாவது ஆளிடமும் சொன்னேன். பொய்யை இரண்டாம் தடவை சொன்னபோது சுலபமாக இருந்தது என்று எழுதினேன் அல்லவா, உண்மை அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“இதெல்லாம் இப்ப எதுக்கு ஸ்டெல்லா? எவ்வளவோ காலம் ஆச்சு,” என்றார் அந்த அம்மாள்.

“எனக்கு வேணும் மேடம்,” என்றார் டீச்சர்.

போனை வைத்த பிறகு நான் கேட்டேன், ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கட்டுமா என்று. டீச்சர் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் போனேன். அந்த ரைட்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், பழைய கதை, மூடியாயிற்று என்று சொல்லி என் காகிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

அன்று கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். ஒரு வாரப் பத்திரிகையில் பழைய நினைவுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன், இதையும் எழுதலாமா, உங்கள் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

“பேரை மாத்தாதீங்க,” என்றார். “ஸ்டேஷன்ல என் பேரைப் போட்டுத்தானே எழுதினாங்க.”

இந்தத் தொடரில் பலருடைய பெயரை மாற்றித்தான் எழுதிவருகிறேன். டிரைவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஸ்டெல்லா டீச்சர் பெயரை மாற்றவில்லை. அவர் அவசரப்படவில்லை. வண்டி நின்ற பிறகுதான் இறங்கினார். பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை.